நாலாயிரத்து நூற்று இருபது டிகிரி

பண்டமாரான் குளிர்கிடங்கில் தயிர்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த சுகுமாறனுக்கு மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது. முதல் இரண்டும் திங்கள் ஒன்பதுக்குத்தான் வந்தன. அனுப்புவது கணினி, அது உடம்பு சரியில்லை என்று எம்சி எடுப்பதில்லை.

ஒரே வரி. 'டெம்ப்-2: 4120 டிகிரி. அனுமதித்த அளவு: 8.' மூன்று கடிதம் சேர்ந்தால் வேலை போய்விடும். அவர் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

முதல் கடிதம் வந்தபோதே, "டெம்ப்-2ன்னா யாரு?" என்று கேட்டுப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. கிடங்கில் தயிர் ரூம், மீன் ரூம் என்றுதான் பேச்சு. தயிர் ரூம் சாவி இவரிடம் இருந்தது. கடிதமும் இவரிடமே தங்கிவிட்டது.

மீன் ரூம் விஜயன் கதை வேறு. அறைகளின் வெப்பத்தைக் காட்டப் புதிதாக வைத்த திரையில் அவன் அறை மைனஸ் பதினெட்டாயிரம் காட்டியது. எட்டுக்குக் கீழே என்பதால் பச்சை விளக்கு. மாதத்தின் சிறந்த ஊழியர் என்று அவன் படத்தைக் கேன்டீனில் மாட்டியிருந்தார்கள்.

"என்னாண்ணே, ரொம்ப சூடா இருக்கீங்களாமே?"

"மைனஸ் பதினெட்டாயிரத்துலேர்ந்து வர்ற, மூக்கு இருக்கான்னு தொட்டுப் பாத்துக்க லா."

குளிர் இயந்திரம் பழுது பார்க்கும் அசாருதீன், வேலை பெர்மிட்டில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவன், கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"நாலாயிரம் டிகிரின்னா இரும்பே ஆவியாயிரும்ணே. தயிரு உறைஞ்சுல்ல கெடக்கு! சென்சார் ஆயிரத்துல ஒரு பங்கு டிகிரியா எண்ணித்தான் சொல்லும். அது வழக்கம். ஸ்கிரீன் வச்சவன் ஆயிரத்தால வகுக்கணும், வகுக்கல."

"அத எங்கயாச்சும் எழுதி வைக்கக் கூடாதா?"

"எழுதியிருக்கு. படிக்கத்தான் ஆளில்ல."

திரையின் அமைப்புப் பக்கத்தில் 'வகுக்கும் எண்: 1' என்றிருந்தது. அசாருதீன் மூன்று சைபர் சேர்த்தான். தயிர் ரூம் 4.1 ஆயிற்று. விஜயன் மைனஸ் பதினெட்டுக்கு ஏறினான். அவன் விளக்கு பச்சையாகவே இருந்தது.

மத்தியானம் மனிதவளப் பிரிவு ஷாமினி, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவரை அப்படியே தன் அறைக்கு அழைத்தாள். சுகுமாறன் தினமும் கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிவைத்த நோட்டை விரித்துக் காட்டினார். நாலு, நாலு, நாலேகால், நாலு.

"கைல எழுதுன புக்கெல்லாம் ஆடிட்ல எடுக்க மாட்டாங்க, அங்கிள்."

"இப்ப சரி பண்ணியாச்சேம்மா. நீங்களே ஸ்கிரீன பாருங்க."

"இன்னிக்குச் சரி. முன்னாடி வந்த ரெக்கார்ட் லாக் ஆயிருச்சு, நான் மாத்த முடியாது. மூணு லெட்டர் இஷ்யூ ஆனது ஆனதுதான்."

"நாலாயிரம் டிகிரில நான் எப்படிம்மா உசுரோட வெளிய வந்தேன்?"

"அந்தக் கேள்வி ஃபார்ம்ல இல்ல, அங்கிள்."

கையெழுத்துக்காக ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். அறையின் வெப்பம் 4120 டிகிரிக்கு உயர்ந்ததற்குத் தன் கவனக்குறைவே காரணம் என்றிருந்தது. சுகுமாறன் கையுறையைக் கழற்றினார். விரல்கள் நீலம் பாரித்து விறைத்திருந்தன. பேனா இரண்டு முறை நழுவி மேசையில் உருண்டது.

"அவசரமில்ல, அங்கிள்," என்று எழுந்துபோய், அறையைக் குளிராக்கிக்கொண்டிருந்த ஏர்கோனை அணைத்தாள் ஷாமினி.

அவர் இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்து ஊதினார். கையெழுத்துப் போடுமளவுக்கு விரல்கள் மடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.