கோழி நியாயம்

எங்கள் வீட்டுக்காரர் பெயர் கொளஞ்சியப்பன். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். நானும் வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்க்கிறேன், மனுஷன் குத்துக்கல் மாதிரி இருக்கிறார். இருக்கட்டும். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் அவரும் ஒருவர். அந்தப் புளியமரத்தை வெட்டியவர் அவர்தான்.

சங்கராபுரத்திலிருந்து மேற்கே போனால், கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். எனக்கு அப்போது மூன்றும் பெண். மூன்றாவது பிறந்த நாளிலிருந்து என் மாமியார் ராணியம்மாள் என்னை ஆண்டாள் என்று கூப்பிட்டதே இல்லை. "பொட்டை பெத்தவளே" என்பதுதான் என் பெயர். எலவனாசூர்கோட்டையில் ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருந்தார், தன் மகனுக்கு இரண்டாம் தாரமாக. மகன் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் எதற்கும் பின்னாலிருந்து யாராவது தள்ளவேண்டும்.

தள்ளிவிட்டவர் கால்நடை டாக்டர் வெங்கடேசன். இடஒதுக்கீடு கேட்டு ஊர்கள் கொதித்துக்கொண்டிருந்த எண்பத்தேழாம் வருஷம் அது. புதிதாக வேலைக்கு வந்திருந்த அவர், கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பூசி போட எங்கள் தெருவுக்கு வந்தார்.

"இந்த அடையில பொரிச்சது எல்லாமே சேவலாப் பூடுச்சி சார். சேவலு சரியில்லியா?" என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர்.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "சேவல் கையில ஒண்ணும் இல்லீங்க. குஞ்சு ஆணா பொண்ணான்னு முடிவு பண்றது தாய்க்கோழிதான்" என்றார்.

மாமியார் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "கேட்டுக்கினியாடா? டாக்டரே சொல்லிட்டாரு. எல்லாம் பொட்டை கையிலதான் இருக்குது."

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே சரி என்றுவிட்டார். மறுநாள் எலவனாசூர்கோட்டைக்குப் போய்ப் பரிசம் போட, வெற்றிலை பாக்குத் தட்டு நடுவீட்டில் தயாரானது. என் அம்மா வீட்டில் எனக்கென்று ஒரு மூலைகூட இல்லை. மூன்று பிள்ளைகளோடு எங்கே போவேன் என்று அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

விடிந்தால் சாலை மறியல். கோடரியோடு முதலில் ஓடியவர் எங்கள் வீட்டுக்காரர்தான். ஊருக்கு இடம் ஒதுக்கச் சொல்லிப் போராடப் போன மனுஷன், வீட்டில் என் இடத்தை வேறொருத்திக்கு ஒதுக்கிவிட்டுப் போனார். அவர் வெட்டிய புளியமரம் ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக விழுந்தது. அதற்கப்புறம் ஒரு வண்டி போகவில்லை, வரவில்லை. பரிசத்துக்குப் பேசிய வேனும் வரவில்லை. பக்கத்து ஊரில் ஊசி போட்டுவிட்டுத் திரும்பிய டாக்டரும் மோட்டார் சைக்கிளோடு மாட்டிக்கொண்டார். "ரோடு தெறக்கிற வரைக்கும் நம்ம வூட்லயே இருங்க சார்" என்று எங்கள் வீட்டுக்காரரே அழைத்து வந்தார்.

டாக்டருக்கு நான்தான் சோறு போட்டேன். கத்தரிக்காய்க் காரக்குழம்பு. அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவர். இரண்டாவது தடவை சோறு வைக்கும்போதுதான் நடுவீட்டுத் தட்டைப் பார்த்து, "வீட்ல ஏதாவது விசேஷங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்களாலதான் சார் விசேஷம். மூணும் பொண்ணாப் பொறந்தது என் குத்தம்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் வேற பொண்ணு பாத்துக்கினு இருக்காங்க."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "நான் எங்கம்மா சொன்னேன்? நான் கோழிக்குல்ல சொன்னேன்! மனுஷனுக்கு அப்படியே தலைகீழ். ஆணா பொண்ணான்னு முடிவாகறது தகப்பன்கிட்டேர்ந்து வர்றதை வச்சித்தான். தாய்கிட்ட ஒண்ணும் இல்ல."

எங்கள் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "இன்னா சார், குழம்பு ருசியா இருந்ததும் பேச்ச மாத்தற? கோழியும் உசுருதான், மனுசனும் உசுருதான். அதுக்கு ஒரு ஞாயம், எங்களுக்கு ஒரு ஞாயமா?"

"கோழி வேற வம்சங்க. அதோட காலப் பாருங்க, செதில் செதிலா. ரொம்ப காலத்துக்கு முந்தி பூமியில நடமாடின பெரிய பெரிய பல்லி மாதிரி மிருகத்துலேர்ந்து வந்தது பறவை. மாடு, ஆடு, நாம எல்லாம் வேற பங்காளி. அவங்க பக்கத்துல முடிவு தாய்கிட்ட, நம்ம பக்கத்துல தகப்பன்கிட்ட. ஆணா பொண்ணான்னு யாரும் வேணும்னு பண்றதில்ல. ஆனா வர்றது ஆம்பளைகிட்டேர்ந்துதான்."

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மூலையிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"அப்போ, நான் மொதல்ல பெத்த அஞ்சு பொண்ணும்?"

"அவங்க அப்பா வழியாத்தாம்மா."

ஐந்து பெண் பெற்றதற்காக மாமனார் அவரை அடித்ததும், கூடவே ஒரு சக்களத்தியைக் கொண்டுவந்து அதே வீட்டில் வைத்ததும் ஊருக்கே தெரியும். அதற்கப்புறம்தான் கொளஞ்சியப்பர் கோயிலில் ஆண் பிள்ளை கேட்டுத் தன் முறையீட்டைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டி, ஆறாவதாக இவரைப் பெற்று, அந்தச் சாமி பெயரையே வைத்தார். மாமியார் சுவரில் மாலையோடு இருந்த மாமனார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் பூட்டாரே டாக்டரு. இப்ப வந்து சொல்றியே, நான் யார் பேர்ல போயி பிராது கட்டுவேன்?"

எனக்கு அதுவரை மாமியார் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பரிசத் தட்டை இழுத்தார். ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை மடித்து என்னிடம் நீட்டினார்.

"மரத்த எடுத்தாலும் எலவனாசூருக்கு யாரும் போவத் தேவல" என்றார் மகனிடம். "நீ கையக் கழுவிக்கினு வந்து சாப்புடு."

ரோடு திறந்ததும் டாக்டர் புறப்பட்டார். மாமியார் முட்டையிடுகிற பெட்டைக்கோழி ஒன்றைக் காலைக் கட்டி அவர் வண்டியில் மாட்டிவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்றவரை விடவில்லை. அந்தக் கோழிக்கும், டாக்டருக்கும், விழுந்து கிடந்த அந்த மரத்துக்கும் நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து நான்காவது பிரசவம். காலையில் மருத்துவச்சி வெளியே வந்து, "பொண்ணு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். வாசலில் எங்கள் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பது உள்ளேயிருந்த எனக்குத் தெரிந்தது. மாமியார் தெருவே கேட்கும்படிச் சிரித்தார்.

"இன்னாடா கொளஞ்சி, நாலாவதும் பொண்ணாவே குடுத்துட்ட?"

பிறகு கஞ்சிச் சட்டியோடு உள்ளே வந்து, என் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டாளு, குடிம்மா" என்றார்.