சூடு ஆறாத வீடு

ரயில் நின்றதும் எழுந்த சத்தம் காதைப் பிளந்தது. தண்டவாளத்தின் இரு பக்கமும் பெண்கள் வரிசையாக நின்று, தகரத் தட்டுகளையும் வாணலிகளையும் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், ஐரோப்பாவில் எங்கள் ஷாரிஷ் மலைப்பக்கத்தில் பணக்கார வீட்டுக் கல்யாணத்தில்கூட இத்தனை ஆரவாரத்தை நான் கேட்டதில்லை.

"அக்கா, பாத்தியா? நமக்காக ஊரே கூடி நிக்குது!" என்றான் என் தம்பி ஷிமோன்.

என் கணவர் மத்தூஷ் தொப்பியைக் கழற்றி ஜன்னல் வழியாக ஆட்டினார். நானும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் எரிகிறது.

ஒரு சேற்று உருண்டை பறந்து வந்து மத்தூஷின் கன்னத்தில் அப்பியது.

"யாரோ விளையாடுறாங்க," என்று அவர் துடைத்துக்கொண்டார். அடுத்து வந்த உருண்டைக்குள் கல் இருந்தது. அவர் நெற்றி கிழிந்தது. அப்போதுதான் அந்தப் பெண்களின் முகங்களை நான் சரியாகப் பார்த்தேன். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை.

ரயிலில் வந்த நாங்கள் ஆண்கள் முப்பத்தோரு பேர், பெண்கள் ஆறு பேர். எல்லோரும் ஒரே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். அடுத்தடுத்து இரண்டு வருடம் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. பண்ணையார் கதிரடிக்க இயந்திரம் வாங்கிவிட்டார், அறுவடைக் கூலியும் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் தொண்டை அடைப்பு நோய் வந்து என் இரண்டு பிள்ளைகளையும் ஒன்பது நாள் இடைவெளியில் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அந்த ஊரில் நான் காத்துக் கிடக்க எதுவும் இருக்கவில்லை. சந்தையில் இம்ரிக் என்ற ஆள் வந்து நின்று பேசியபோது முதலில் கை தூக்கியது நான்தான்.

"அமெரிக்காவுல, பென்சில்வேனியாவுல மலைய வெட்டினா உள்ள பூரா கரி. வெட்டத்தான் ஆளில்ல. போன உடனே வேலை, போன உடனே வீடு!" என்றான் இம்ரிக். நாலு மொழி பேசுவான். பளபளக்கும் பூட்ஸ் போட்டிருப்பான்.

கப்பல் விட்டு இறங்கி ரயில் ஏறியபோது பெட்டிக்கு நாலு பேர் துப்பாக்கியோடு கூடவே ஏறினார்கள். எதற்கென்று மத்தூஷ் கேட்டார். வழியில் கொள்ளைக்காரர்கள் உண்டு, கம்பெனி நம்மைப் பத்திரமாகக் கொண்டுபோகிறது என்றான் இம்ரிக். ஊரிலிருந்து கொண்டுவந்த புகைபோட்ட பன்றிக்கறியில் பாதியை அந்தக் காவலாட்களுக்கு நாங்கள் பங்குவைத்துக் கொடுத்தோம்.

அதே துப்பாக்கிகளுக்கு நடுவே எங்களை ஊருக்குள் நடத்திப்போனார்கள். ஒரே மாதிரி மரவீடுகள் இரண்டு வரிசை இருந்தன. ஒரு கதவைக் காவலாள் காலால் தள்ளித் திறந்து, எங்கள் மூவரையும் உள்ளே போகச் சொன்னான்.

அடுப்பில் தணல் இருந்தது. கெட்டில் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மேசை மேல் ஒரு சட்டியில் ரொட்டி மாவு பிசைந்து, துணி போட்டு மூடியிருந்தது.

"பாருங்க, மாவுகூடப் பிசைஞ்சு வச்சிருக்காங்க நமக்கு!" என்றேன். அப்படியும் எனக்குப் புரியவில்லை. மத்தூஷ் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "இப்படி ஒரு கம்பெனியா!" என்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

கதவு நிலையில் கத்தியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒன்றுக்கு மேல் ஒன்றாக, வளரும் குழந்தையின் உயரத்தை அளந்த கோடுகள். மிக மேலே இருந்தது புதுக்கீறல். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் ஒரு சின்ன காலுறை ஒற்றையாகத் தொங்கியது. தொட்டேன். இன்னும் ஈரம் காயவில்லை.

நான் ஜன்னலுக்குப் போனேன்.

எதிர்ப்பக்கம் தூறலில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, கவிழ்ந்து கிடந்த தொட்டில். கட்டில் மேல் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்து இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நாலு வயதுப் பெண் குழந்தை. ஒரு காலில் காலுறை இருந்தது. இன்னொரு கால் வெறுங்கால்.

காலுறையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அந்தப் பெண் அதை வாங்கி, நிதானமாகக் குழந்தையின் காலில் மாட்டிவிட்டாள். பிறகு எழுந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

தெருமுனையில் நின்ற இம்ரிக்கிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டினேன்.

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

அவன் சிரித்தான். "புண்ணு மேல கட்டுற பொருக்கு. இனிமே உங்க எல்லாருக்கும் இங்க அதான் பேரு. பழகிக்க."

"ஏன்?"

"இந்த வேல்ஸ்காரங்க, பிரிட்டன்லேந்து வந்து இங்க கரி வெட்டுறவங்க, ரெண்டு மாசமா வேலைக்குப் போகல. பாறை தலையில விழுது, முட்டுக் கொடுக்க மரம் குடுன்னு அடம். கம்பெனி முடியாதுன்னு அவங்களைத் தன் வீடுகள்லேந்து துரத்திடுச்சு. அதான் நீங்க வந்திருக்கீங்க. அவங்க வேலையைப் பிடுங்க வர்றவனை இங்க அப்படித்தான் திட்டுவாங்க."

"வெட்ட ஆளில்லன்னு சொன்னியே, பாவி!"

"இல்லதானே? இருக்கிறவன் போக மாட்டேங்கிறான், போறவன் இல்ல. நான் என்ன பொய்யா சொன்னேன்?"

வீட்டுக்குத் திரும்பி மத்தூஷிடம் சொன்னேன். சட்டியிலிருந்த மாவு பொங்கித் துணியைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"இந்த வீட்டுல என்னால தூங்க முடியாதுங்க. வாங்க, போயிடலாம்," என்றேன்.

"எங்க போக? சொல்லு, எங்க? ஊருல நமக்குன்னு இருக்கிறது ரெண்டு சின்னக் கல்லறை. அதைச் சாப்பிடவா முடியும்?"

"மாமா, நாம தெரிஞ்சா வந்தோம்?" என்றான் ஷிமோன். "நாம போகலன்னா வேற யாரையாவது கூட்டிட்டு வருவாங்க."

"அதுக்காக நாம செய்யணுமா?" என்றேன்.

அந்த மாவைச் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கத்ரின் என்பது அந்தப் பெண்ணின் பெயர் என்று பின்னால் தெரிந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ரொட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். சற்றுக் கழித்து எட்டிப் பார்த்தபோது, அதைப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

பதினோரு நாள் எங்கள் ஆண்கள் வேலைக்குப் போனார்கள். ஏர் பிடித்த கைகள் அவை. பாறையைத் தட்டிப் பார்த்து அது விழுமா நிற்குமா என்று சொல்ல ஒருவருக்கும் தெரியாது. சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. பன்னிரண்டாம் நாள், காலைச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தரை ஒருமுறை அதிர்ந்தது. வெளியே இரைந்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று அமைதியானார்கள். அது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

மலையடிவாரத்துச் சுரங்க வாயிலில் தூசி புகைந்து வந்தது. வெளியே தப்பி வந்தவர்கள், உள்ளே ஐந்து பேர் மாட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். மத்தூஷும் ஷிமோனும் அதில் இருந்தார்கள். நகரத்திலிருந்து இன்ஜினியர் வரும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று மேஸ்திரி கையை விரித்தார். இன்ஜினியர் வர மறுநாள் ஆகுமாம். நான் அவர் காலைப் பிடித்தேன். அவர் என் மொழி புரியாதவராகவே நின்றார்.

அப்போது சாலையில் வேல்ஸ்காரர்கள் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். கையில் கோடரி, ரம்பம், கடப்பாரை. எங்களைத் தீர்த்துக்கட்டத்தான் வருகிறார்கள் என்று எங்கள் பெண்கள் அலறினார்கள். முன்னால் வந்தவன் இத்வால், கத்ரினின் புருஷன். காவலாள் அவன் மார்புக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினான். இத்வால் நின்று ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்று இம்ரிக்கை உலுக்கினேன்.

இம்ரிக்குக்கு முகம் வெளுத்திருந்தது. "உள்ள மாட்டிக்கிட்டது மனுசங்க. சுடணும்னா நான் வெளிய வந்தப்புறம் சுட்டுக்கோங்கிறான்."

துப்பாக்கி தாழ்ந்தது. அவர்கள் கம்பெனிக் கிடங்கின் பூட்டை உடைத்தார்கள். உள்ளே முட்டு மரம் கூரை வரை அடுக்கி வைத்திருந்தது. இரண்டு மாதமாக அவர்கள் கேட்ட மரம், எடுத்துப்போக ஆள்தான் வேண்டும் என்பது போல அங்கே கிடந்தது. எங்கள் ஆட்களும் பார்த்தார்கள். இத்வால் முதல் மரத்தின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையை எங்கள் பள்ளத்தாக்குக்காரன் ஒருவன் தூக்கினான்.

மதியம் தாண்டி மூன்று பேரை உயிரோடு கொண்டுவந்தார்கள். அதில் மத்தூஷ் இருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது. நாலாவது ஆளுக்கு மூச்சு இல்லை. கடைசியில் இத்வால் ஷிமோனைத் தோளில் போட்டுத் தூக்கி வந்து என் முன்னால் கிடத்தினான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

எனக்கு அழுகை வரவில்லை. தம்பியின் முகத்தில் கரித்தூள் அப்பியிருந்தது. அது அவன் முகம்தானா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கத்ரின் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, தன் இடுப்பில் கட்டியிருந்த துணியை நனைத்து அந்த முகத்தைத் துடைத்தாள். ஷிமோன் தெரிந்தான்.

"ஏன் வந்தீங்கன்னு அவர்கிட்டக் கேளு," என்றேன் இம்ரிக்கிடம்.

இத்வால் சொன்னதை இம்ரிக் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வேல்ஸ்ல அவங்க அப்பா இப்படித்தான் உள்ள மாட்டிக்கிட்டாராம். முதலாளி தோண்ட விடலையாம். அதனாலதான் இவன் கப்பலேறி இங்க வந்தானாம்."

மறுநாள் எங்கள் ஆட்களில் ஒருவர்கூடச் சுரங்கத்துக்குப் போகவில்லை. அடுத்த நாளே எங்களையும் வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். மத்தூஷைக் கதவுப் பலகையில் கிடத்தி, வேல்ஸ்காரர்கள் கூடாரம் போட்டிருந்த புல்வெளிக்குத் தூக்கிப்போனோம். அங்கே எல்லோரும் எங்களை அணைத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் பொய். பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஷிமோனுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று ஒரு கிழவர் கத்தினார். இத்வால் மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டினான். கத்ரின் என்னோடு ஒரே அடுப்பில் மூன்று மாதம் சமைத்தாள். ஆனால் என்னைப் பெயர் சொல்லி அவள் ஒருநாளும் அழைக்கவில்லை.

வசந்தத்தில் கம்பெனி தெற்கிலிருந்து இத்தாலிக்காரர்களைக் கொண்டுவந்தது. போராட்டம் உடைந்தது. இத்வால் குடும்பம் மேற்கே இல்லினாய் பக்கம் போயிற்று. எங்களில் பலர் உருக்காலை ஊர்களுக்குச் சிதறினோம். மத்தூஷுக்கு ரயில் பாதையில் விளக்குத் துடைக்கும் வேலை கிடைத்தது.

அங்கே போனதும் முதல் வேலையாக ஒரு பாதிரியாரைப் பிடித்து ஊருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். யாரும் வராதீர்கள், இம்ரிக்கை நம்பாதீர்கள், ஷிமோன் செத்துப்போனான் என்று. அது போய்ச் சேருவதற்கு முன்பே மத்தூஷின் தங்கையிடமிருந்து, பழைய சுரங்க ஊருக்குப் போய்ச் சுற்றி, எனக்கு ஒரு கடிதம் வந்தது.

"அண்ணி, இம்ரிக் வந்திருந்தார். நீங்க நாலு அறை வீட்டுல இருக்கீங்களாம், ஷிமோன் மேஸ்திரி ஆயிட்டானாம். ஊரே பேசுது. நாங்க நாப்பத்தாறு பேர் கிளம்புறோம்."

பாதிரியார் வாசித்து நிறுத்தினார். கப்பல் பெயரையும் அது கிளம்பும் தேதியையும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னேன். அவர்கள் அப்போது நடுக்கடலில் இருந்தார்கள்.

மத்தூஷ் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அன்றைக்கே துறைமுகத்துக்கு ரயில் ஏறினார். ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். அவர் தங்கையும் அவள் குழந்தைகளும் உட்படப் பதினோரு பேர் அவரோடு வந்தார்கள்.

"மத்தவங்க?" என்றேன்.

"என் காலைக் காட்டினேன். ஷிமோன் செத்துட்டான்னு கத்தினேன். பொறாமையில சொல்றான், இவனுக்கு மட்டும் வீடு வேணும்னு நினைக்கிறான்னாங்க. இம்ரிக் பின்னாடி ரயில் ஏறிப் போயிட்டாங்க."

அந்த முப்பத்தைந்து பேரை எந்த ஊரில் இறக்கினார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை.