துத்தி இலை

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். சங்கரி சொன்னது ஒரே ஒரு பொய்தான். அது ஒன்றே ஆயிரத்துக்குச் சமமாகிவிட்டது.

தங்கை கவியாவுக்கு இருபத்தாறு வயதில் பெருங்குடலில் புற்றுநோய். நல்லவேளை, செங்கல்பட்டில் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அறுத்து எடுத்துவிட்டார்கள். நோயின் பெயர் வெளியே தெரிந்தால் எவன் பெண் கேட்டு வருவான்? விசாரித்தவர்களிடமெல்லாம் வெறும் மூலம்தான், சரியாயிடுச்சு என்றாள் சங்கரி. கவியாதான் முரண்டு பிடித்தாள். சின்ன வயசுக்காரர்களுக்கும் இது வரும், சொன்னால்தானே நாலு பேர் பிழைப்பார்கள் என்றாள். வாயைத் தைத்துக்கொள் என்று அக்கா அடக்கிவிட்டாள்.

சங்கரி வேலைக்குப் போகும் கம்பெனி வேனை ஓட்டுகிறவன் பார்த்திபன். சதுரங்கப்பட்டினத்துக்காரன், முப்பத்தொரு வயது. ஒரு நாள் எல்லாரும் இறங்கின பிறகு அவளிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறதாம். கவியாவுக்கு எதில் சரியானது என்று கேட்டான். உண்மையைச் சொல்ல நல்ல சமயம் அது. பாழாய்ப்போன பொய்தான் முந்திக்கொண்டு வந்தது.

"துத்தி எலதாம்பா. வெளக்கெண்ணெயில வதக்கித் துன்னு."

அதோடு விட்டாளா? வீட்டுக்குப் பின்னால் மண்டிக் கிடந்த துத்தியைத் தானே பறித்து, திங்கட்கிழமைதோறும் ஒரு பையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இவனுக்கு வெறும் மூலமாகத்தான் இருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஏழு மாதம் போயிற்று. வேனுக்கு வேறு டிரைவர் வந்தான். பார்த்திபனுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கவியா வெளியே போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அக்காவுக்குத் தெரியாமல் வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த நோயோடு வருகிற இளவயதுக்காரர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஆபரேஷனுக்குப் பயப்படுகிறவர்களிடம் தன் வயிற்றுத் தழும்பைக் காட்டுவாளாம். அன்று காட்டியது பார்த்திபனுக்கு.

"கல்லீரல் வரைக்கும் போயிடுச்சாம். ஏன் முன்னாடியே வரலன்னு கேட்டேன். வேன்ல வர்ற சங்கரி அக்கா மருந்து குடுத்தாங்கன்னாரு," என்றாள். "நான் உன் தங்கச்சின்னு சொல்லல. அத நீயே போய் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை சங்கரி சதுரங்கப்பட்டினத்துக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தாள். கடலோரத்துப் பழைய கோட்டைக்குப் பின்னால் அவன் வீடு. பார்த்திபன் பாதியாக இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு செய்ததில்லை என்று மனைவி ஜோதிலட்சுமியிடம் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான். செருப்பால் அடித்திருந்தால்கூட சங்கரிக்கு அவ்வளவு வலித்திருக்காது. கோத்து வைத்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தாள், பாவி.

வாசல்வரை வந்த ஜோதிலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இவரு தம்பிக்கும் ரத்தம் போவுதாம். இருபத்துநாலு வயசு. ஒரே வூட்ல ரெண்டு பேருக்கா வரப்போவுது, மூலந்தான்றான். உன் தங்கச்சிக்குக் கேட்டுச்சே, அந்த எலைய கொஞ்சம் பறிச்சினு வர்றியா?"

சங்கரி திரும்பி உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கவியாவுக்கு வந்தது மூலமில்ல, பார்த்தி. உனக்கு வந்ததேதான். ஆஸ்பத்திரியில தழும்பக் காட்டுச்சே ஒரு பொண்ணு, அதான் என் தங்கச்சி. கல்யாணத்துக்காவ மறைச்சேன். எல ஒன்னையும் கொணமாக்கல. இந்த நோவு ஒருத்தருக்கு வந்தா கூடப் பொறந்தவங்களுக்கும் உடனே பாக்கணும்னு கவியா சொல்லும். நாளைக்கே இட்டுனு போங்க, நானும் வரேன்."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் தம்பிக்கு இப்போதே போன் போடச் சொல்லி மனைவியை ஏவினான். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"வழவழன்னு தொண்டையில எறங்கவே எறங்காதுக்கா," என்றான். "நீ குடுத்தியேன்னுதான் ஒரு நாள்கூட விடாம துன்னேன்."