அடிபம்புத் தண்ணீர்

விறைத்துப்போன கை சட்டைக்குள் மாட்டிக்கொண்டது. கொழுந்தன் கத்தரியால் அதைக் கிழித்தெடுத்தான். "அண்ணி, குளிப்பாட்டத் தண்ணி கொண்டாங்க."

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். கேன்களெல்லாம் காலி. நிரப்பிக்கொண்டு வருகிற மனுஷன்தான் வாசலில் பெஞ்சில் கிடந்தார். நேற்று வேலைக்குப் போனவர் அங்கேயே சுருண்டு விழுந்து, இன்று காலை ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார்.

குடிக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும் அவர் சைக்கிளில் ஊருக்கு அந்தப் பக்கம் போய்த்தான் தண்ணீர் பிடித்து வருவார். தெருவில் 'கேன்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "வாசல்லயே அடிபம்பு இருக்கு, இவருக்கு மட்டும் அரண்மனைத் தண்ணியா?" என்பார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

தெருக்கோடி முலாம் பட்டறையில் கழிவுநீர்த் தொட்டி அவர் பொறுப்பு. மஞ்சளாக வரும் விஷக் குரோமியத் தண்ணீரை மருந்து போட்டுப் பச்சையாக்கி, சுண்ணாம்பு கலந்து, உலோகமெல்லாம் சேறாக அடியில் படிந்தபின் தெளிந்ததை மட்டும் வெளியே விட வேண்டும். அதிகாரிகள் வருகிற அன்று அப்படித்தான் நடந்தது. மற்ற நாட்களில், மருந்துச் செலவு கட்டாது என்று முதலாளி சொன்னதால், மஞ்சள் தண்ணீர் அப்படியே பின்பக்கக் குழிக்குப் போய் மண்ணுக்குள் இறங்கியது. குழாயைத் திறந்துவிட்டது அவர் கைதான். "நீ வாயைத் திறந்தா நம்ம வீட்டுல அடுப்பு எரியாது" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவள் திறக்கவில்லை.

"என்னடி இங்க நின்னுட்ட?" பக்கத்து வீட்டுக்காரி வாளியோடு வந்தாள். பின்னால் பிள்ளைத்தாய்ச்சி மகள், கையில் ஒரு செம்புத் தண்ணீர். "அடிபம்புல பிடிச்சுட்டு வந்துட்டேன். வா, ஆக வேண்டியதப் பாப்போம்."

வாசலில் கொழுந்தன் குவளையை வாளியில் முக்கினான்.

"அக்கா, அந்தத் தண்ணி வேண்டாம்."

"ஏன், சுத்தமாத்தானே இருக்கு?"

"அவர் மேல அத ஊத்த வேண்டாம். அவருக்கு அது ஆகாது."

"செத்த உடம்புக்கு என்னடி ஆகாம..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். பட்டறை இருந்த திசையைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தை.

"நாங்க அதத்தான்டி குடிக்கிறோம்."

கொழுந்தன் குவளையை மெல்லத் தரையில் வைத்தான்.

பக்கத்து வீட்டுக்காரி மகள் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி வாளியில் கவிழ்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். தன் வீட்டு முருங்கை மரத்தடியில் கொட்டப் போனவள் சட்டென்று நிறுத்தினாள். சாக்கடைப் பக்கம் திரும்பினாள். அங்கேயும் கொட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில், நடுத்தெருவில், வாளியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.