மெழுகு வைத்த ஜாடி

பூட்டு ரிப்பேர் செய்கிறவருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. திறக்க வராத எதைக் கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது. பிடிவாதம் பிடிக்கிற ஜன்னலோ இறுகிப்போன பாட்டில் மூடியோ, திறந்து பார்த்தால்தான் அவருக்கு அடுத்த வாய் காபி இறங்கும். அந்தக் குணம்தான் அவரை மாட்டிவிட்டது.

ஆரம்பித்து வைத்தது என்னவோ அவருடைய வாய்தான். சனிக்கிழமை மதியம் சாப்பிடும்போது, நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவி, "நீங்க சமைச்சா, அடுப்பு முன்னாடி நிக்கிற நேரத்தைவிட கடைக்கு ஓடுற நேரம்தான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டாள். உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் சுருக்கென்று தைத்தது.

"நாளைக்கு நீ டூட்டி முடிஞ்சு வரும்போது சாப்பாடு ரெடியா இருக்கும். கடைப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன். தோட்டத்துல இருக்கிறது, அலமாரியில இருக்கிறது, அவ்வளவுதான்."

"பார்க்கலாம்" என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் இழுத்த இழுப்பில் மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அலமாரியைக் குடைந்தார். பருப்பு டின்னுக்குப் பின்னால், கடைசி வரிசையில், ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. உள்ளே சிவப்புப் புள்ளி போட்ட அவரைக் கொட்டைகள். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. வேறு யாராக இருந்தாலும், இவ்வளவு பத்திரமாக மூடி வைத்திருக்கிறார்களே, ஏன் என்று யோசித்திருப்பார்கள். இவர் எப்படித் திறப்பது என்று மட்டும்தான் யோசித்தார். மெல்லிய கத்தியை ஒரு சுற்று விட்டதும் 'டப்'பென்று மூடி கழன்றது. கொட்டைகளை ஊறப்போட்டு, தட்டால் மூடி, அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்.

ஞாயிறு காலை அவள் கிளம்பியதும் தோட்டத்தில் இறங்கினார். தக்காளிக்கு அது பருவம்; செடி முழுக்கப் பழுத்துக் கிடந்தது. பூசணிக் கொடியில் இரண்டு பிஞ்சுகள் அகப்பட்டன. ஓரத்தில் மண்ணைக் கொத்திவிட்டு, வரிசையாகக் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தாள். தக்காளிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

கொட்டைகள் நன்றாக ஊறியிருந்தன. சில மட்டும் தண்ணீரே குடிக்காமல் கல் மாதிரி கிடந்தன. பல்லைப் பதம் பார்த்துவிடுமே என்று அவற்றைப் பொறுக்கிக் காய்த்தோல் வாளியில் போட்டார். மீதியை வேகவைத்து, பூண்டும் வெங்காயமும் வதக்கி, தக்காளியைக் கையாலேயே பிசைந்து விட்டு, பழைய புளி கொஞ்சம் கரைத்து ஊற்றி, மிளகு தட்டிப் போட்டார். பூசணிப் பிஞ்சைத் தனியாக வறுத்தெடுத்தார். வாசனை தெருவரை போயிருக்க வேண்டும். வேன் ஓட்டும் மச்சான், அதாவது அவளுடைய தம்பி, வழியில் வண்டியை நிறுத்திவிட்டு நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டான்.

ஒரு தட்டு குழம்பைக் காலி செய்த பிறகுதான் அவன் கண் அந்தக் காலி ஜாடியில் பட்டது.

"மாமா, இது அக்காவோட விதைக் கொட்டை!"

"எந்த விதை?"

"குணமாகி வீட்டுக்குப் போன பேஷண்ட் ஒருத்தர் குடுத்தாராமே. ஆறே ஆறு கொட்டை. மொத வருஷம் பாதி மழையில போச்சு, ரெண்டாம் வருஷம் பாதியை வண்டு தின்னுச்சு, தப்பிச்சதை வெச்சு இந்த மூணு வருஷத்துல இவ்வளவு பெருக்கியிருக்கா. இன்னிக்கி வந்து விதைக்கப்போறேன்னு போன்ல சொன்னாளே!"

குச்சியும் கயிறும் எதற்கென்று அப்போதுதான் பூட்டுக்காரருக்குப் புரிந்தது. அவள் தோட்டத்து அவரைக் கொடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொள்வதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

"கடையில வேற கொட்டை வாங்கிப் போட்டு மூடிருவோமா?"

"போடா. அவகிட்ட பொய் சொல்லி நான் என்னிக்கு தப்பிச்சிருக்கேன்?"

சொல்லும்போதே அவருக்கு வாளி ஞாபகம் வந்தது. இருவரும் வெங்காயத்தோலுக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். பதினொன்று கிடைத்தது.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். ஜாடியைப் பார்த்தாள், தோளில் மாட்டிய பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்து, பதினொரு கொட்டைகளையும் ஒரு சின்னத் தட்டில் அவள் முன்னால் வைத்தார்.

அவள் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தாள். "கல்லுக் கொட்டை. உள்ள தண்ணியே இறங்காது. நட்டா மாசக்கணக்கா மண்ணுல சும்மா கிடக்கும்."

"தோல்ல ஒரு கீறல் விழுந்தா?"

"விழுந்தா இறங்கும். உள்ள பருப்புல படாம யாரு கீறுறது?"

அவர் எழுந்துபோய்த் தொழில் பையிலிருந்து மிக மெல்லிய அரத்தைக் கொண்டுவந்தார். சாவியின் பல்லைத் தேய்க்கிற அரம். ஒரு கொட்டையை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து, மூச்சை அடக்கித் தேய்த்தார். கோபமாக இருந்தவள் தன்னையறியாமல் பக்கத்தில் சாய்ந்தாள்.

"முளை வர்ற கண்ணுப் பக்கம் வேணாம், முதுகுப் பக்கம்... ம், போதும் போதும்!"

பதினொன்றும் முடிந்தது. மச்சான் நைசாக நழுவப் பார்த்தான். அவள், "உக்காருடா, நீயும் தின்னவன்தானே" என்று அதட்டினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, தட்டை எடுத்துத் தானே குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். ஒரு வாய், இரண்டு வாய். பூட்டுக்காரர் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப் போல நின்றார்.

"நல்லா இருக்கா?"

"மூணு வருஷத்துல ஒரு கொட்டைகூட நான் வாயில போட்டதில்ல. விதைக்குக் குறைஞ்சிடுமோன்னு பயம்." அவள் கண் கலங்கியிருந்தது. "நல்லா இருக்கு. அதான் கோவம் கோவமா வருது."

"இனிமே பதினொண்ணுதான் இருக்கேம்மா" என்றார் அவர்.

அவள் சின்னத் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் ஆறுல ஆரம்பிச்சேன்" என்று தட்டை நீட்டினாள். "இன்னொரு கரண்டி ஊத்துங்க."