தங்கவேல் சாவி தேடுகிறார்

நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி கோவிந்தராஜ் சமையலறை வாசலில் வந்து நின்றபோது, யுவராணி வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம். முகம் கழுவிய சோப்பு நுரை அவன் காதோரம் அப்படியே ஒட்டியிருந்தது. துண்டைத் தேடித்தான் அலமாரியைத் திறந்திருப்பான். துண்டு கண்ணில் படவில்லை, நோட்டு பட்டுவிட்டது.

"யாருடி தங்கவேலு?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் நோட்டை விரித்து, ஒவ்வொரு சொல்லாக அழுத்திப் படித்தான்.

"'ஞாயிறு, காலை பதினொன்று பத்து. தங்கவேல் சட்டை எங்கே என்று கேட்டார். நான் எழுந்தேன். எடுத்துக் கொடுத்தேன். தங்கவேல் சிரித்தார்.' இன்னா இது? நான் ஊட்ல கீற நாள்லயே எவன் வந்து உன்னாண்ட சட்ட கேக்கறான்?"

யுவராணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து இன்னும் அதிகமானது. கடலை தீயும் வாடை வரவே அடுப்பை அணைத்தாள்.

"நீதான் மாமா அது."

"இன்னாது?"

"தங்கவேலு நீதான். சொந்தப் பேர எழுதக்கூடாது, மாத்தி எழுதணும்னு மேடம் சொல்லிகீறாங்க."

பெயரை மாற்றுவது அவளுக்குச் சிரமமாகவே இருக்கவில்லை. தாலி ஏறிய நாளிலிருந்து அவன் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவாள். வாயில் வராத பெயர் நோட்டில் மட்டும் எதற்கு என்று, மனதில் முதலில் வந்த பெயரை எழுதிவைத்தாள்.

கோவிந்தராஜ் பக்கங்களைத் திருப்பினான். சட்டை, சீப்பு, போன் சார்ஜர், ஒரு தடவை உப்பு. அவன் முகத்திலிருந்த சந்தேகம் இறங்கிக்கொண்டே வந்தது. அது முழுவதும் இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறுவதை யுவராணி பார்த்தாள். தங்கவேல் என்று ஒருவன் இருந்திருந்தால்கூடக் கோவிந்தராஜின் மனம் இவ்வளவு அடிபட்டிருக்காது என்று தோன்றியது.

ஆன்லைனில் பட்டப் படிப்பு. அதில் இந்த செமஸ்டர் உளவியல் அறிமுகம் ஒரு பாடம். செம்பரம்பாக்கம் குடோனில் ஆறு நாள் பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் யுவராணிக்கு ஞாயிறு பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை வகுப்பு. கேமராவில் முகம் தெரிந்தால்தான் வருகைப் பதிவு. போன செமஸ்டரில் 'இதோ வரேன்' என்று எழுந்து எழுந்து போனதில் வருகை குறைந்து ஒரு பாடம் போயே போய்விட்டது. இந்தப் பாடமும் போனால் வருஷம் போகும். வருஷம் போனால் திரும்பவும் சேர்கிற தெம்பு தனக்கு இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அருள்மொழி மேடம் கொடுத்த வேலை எளிமையானது. வீட்டில் ஒருவருடைய ஒரே ஒரு பழக்கத்தை நான்கு வாரம் கவனிக்க வேண்டும். முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தார், பின்னால் என்ன கிடைத்தது என்று மூன்று கட்டம் போட்டு எழுதி, வகுப்பில் படித்துக்காட்ட வேண்டும். மகள் ஷர்மிளா நகம் கடிப்பதைத்தான் எழுத நினைத்தாள். ஆனால் முதல் ஞாயிறே, பேனாவைத் திறப்பதற்குள் நான்கு முறை எழுந்திருந்தாள். ஐந்தாவது முறை எழும்போதுதான், தன்னை எழுப்பும் அவன் கேள்வியையே எழுதலாம் என்று பொறி தட்டியது.

நான்கு வாரத்தில் 'எங்கே' என்ற கேள்வி முப்பத்தொரு தடவை. அதில் பத்தொன்பது, வகுப்பு நடக்கும்போது. மூன்றாவது கட்டத்தில் எல்லா வரியிலும் ஒரே வாக்கியம்: நான் எழுந்தேன்.

"அப்ப நான் உனுக்கு எலியா? கூண்டுல உட்டு வேடிக்க பாத்துகினு கீறியா?"

"எலியெல்லாம் இல்ல மாமா. பாடத்துல சொன்னத செஞ்சேன்."

"நாளிக்கி இத அத்தன பேராண்ட படிக்கப் போறியா?"

"ஆமா."

"படிக்கக்கூடாது."

"படிப்பேன்."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனைத் திகைக்கவைத்தது.

"பொண்ணு நகம் கடிக்கிறத எழுதிகினு போயேன்!"

"அத நான் பாக்கலியே. பாக்காதத எழுதுனா அதுக்குப் பேரு படிப்பா?"

நோட்டை மேடைமேல் வைத்துவிட்டுப் போனான். எறியவில்லை, வைத்தான். இவளுடைய சான்றிதழ்களுக்கு நகல் எடுக்க லீவு போட்டுப் பூந்தமல்லியில் அலைந்தவன் அவன்தான். கம்பெனி கேண்டீனில் 'எங்க ஊட்ல டிகிரி படிக்குதுபா' என்று சொல்லிச் சொல்லி, கூட இருப்பவர்கள் அவனை 'டிகிரி வீட்டுக்காரர்' என்றே கிண்டல் செய்கிறார்கள். அவள் படிப்பது அவனுக்குப் பெருமைதான். படிக்கிற அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷர்மிளா கராத்தே வகுப்புக்குக் கிளம்பிப் போனதும், யுவராணி ஸ்டூல்மேல் ஊறுகாய் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். பாரிவாக்கத்தில் புதிதாகப் பிரித்த மனைகளுக்கு மண் ஏற்றிப் போகும் லாரிகள் தெருவை அதிரவைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரிக்கும் பாட்டில் லேசாக நடுங்கியது. திரையில் நாற்பது சின்னக் கட்டங்கள், நாற்பது முகங்கள். ஆவடி ஜமீலா தன் கொழுந்தனைப் பற்றிப் பேசி முடித்ததும் மேடம் அழைத்தார்.

"யுவராணி, நீங்க பேசுங்க."

நோட்டை விரித்தாள். "நான் கவனிச்சவரோட பேரு தங்கவேல்னு வச்சுக்கலாம். அவரு பழக்கம், பொருள் எங்க இருக்குதுன்னு கேக்கறது..."

"யுவா! வண்டி சாவி எங்க?"

வாசல் பக்கமிருந்து வந்த குரல் ஆவடி வரைக்கும், அதற்கப்பாலும் போய்ச் சேர்ந்தது.

"மேடம், தங்கவேல் வந்துட்டாரு!" என்றாள் ஜமீலா. நாற்பது முகங்களும் சிரித்தன.

அருள்மொழி மேடமும் சிரித்துவிட்டார். "பரவால்ல யுவராணி, போய்ட்டு வாங்க. அடுத்தவங்க பேசட்டும். நேரம் இருந்தா உங்கள கூப்பிடறேன்."

நேரம் இருக்காது. இன்னும் பதினோரு பேர் வரிசையில் இருந்தார்கள்.

அப்போதுதான் அவள் தன் காலைக் கவனித்தாள். வலது கால் தரையில் ஊன்றியிருந்தது. இடது கை கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தது. உடம்பு பாதி எழுந்தே விட்டது. யார் சொல்லி எழுந்தது இது? அவள் சொல்லவில்லை. மெதுவாக, குழந்தையைப் படுக்கவைப்பதுபோல, தன்னைத் திரும்ப உட்காரவைத்தாள்.

"இல்ல மேடம், நானே பேசறேன். ஒண்ணு மட்டும் திருத்தணும். நோட்டுல ஒருத்தர் பழக்கத்ததான் எழுதிகீறேன். ஆனா பழக்கம் ரெண்டு பேருக்கு கீது. இப்ப அவரு கேட்டதும் என் காலு தானா எழுந்துச்சு. அந்தக் காலு எழுந்துக்கறத நான் நாலு வாரமா பாக்கவே இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லுங்க."

"யுவராணி! சாவி எங்கன்னு கேக்கறேன்ல?"

குரல் இன்னும் உயர்ந்தது. கிடைத்துப் பழகியது கிடைக்காமல் போனால் முதலில் சத்தம் கூடத்தான் செய்யும் என்று மூன்றாம் பாடத்தில் இருந்தது. படித்தபோது அது வெறும் வரி. இப்போது அந்த வரி வாசலில் நின்று கத்தியது. பேனாவை எடுத்து எழுதினாள்: பதினொன்று இருபத்திரண்டு. வண்டி சாவி. இரண்டாம் தடவை.

எழுதியபடியே பேசினாள். முப்பத்தொரு தடவையைச் சொன்னாள். பத்தொன்பதைச் சொன்னாள். வாசலில் நாற்காலி இழுபட்டது. அலமாரிக் கதவு திறந்து மூடியது. பிறகு சமையலறையில் டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் ஓசை. சாவியை யாராவது பருப்பு டப்பாவிலா வைப்பார்கள்? சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. எப்போதும் அங்கேதான். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.

"மேடம், தங்கவேலு அம்பத்தூர் எஸ்டேட்டுல டூல் ரூம் இன்சார்ஜ். எந்த ஸ்பேனர் எந்த ஆணியில தொங்குதுன்னு கண்ண மூடிகினு சொல்வாரு. அங்க ஒருத்தர் ஒண்ணு எடுத்துட்டுத் திருப்பி வைக்கலன்னா சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சிடுவாரு. அதனால இவருக்குத் தேடத் தெரியாதுன்னு நான் ஒத்துக்கமாட்டேன்."

சமையலறையில் ஓசை நின்றுவிட்டது.

கதவு கிறீச்சிட்டது. சாவிக்கொத்து ஒருமுறை கிணுங்கியது. வண்டி கிளம்பும் சத்தத்துக்காக அவள் காது தன்னை அறியாமல் காத்திருந்தது. கிளம்பவில்லை. ஒரு மண் லாரி கடந்து போனது. பாட்டில் நடுங்கி, போன் ஒரு விரல் அளவு சரிந்தது. திரையில் அவளுடைய சின்னக் கட்டத்தில், அவள் தோளுக்குப் பின்னால் நிலைப்படி தெரிந்தது. அதில் பாதி ஆள் நின்றிருந்தான். ஒரு தோள், ஒரு காது, சாவி தொங்கும் ஒரு கை.

அவன் கேமராவில் இருப்பது அவனுக்குத் தெரியாது. நாற்பது பேருக்கும் தெரிந்தது. ஜமீலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

யுவராணி திரும்பிப் பார்க்கவில்லை. போனை நிமிர்த்தவும் இல்லை. மூன்றாவது கட்டத்தில் 'நான் எழவில்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி, சற்று உரக்கவே படிக்கத் தொடங்கினாள்.