தெட்சு வானத்தில் இருந்த நேரம்

குரெமாட்சு தெட்சுயா எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு இருபத்தைந்து வருடம் நடுக்களத்தில் ஆடினான். அதில் இருபத்திரண்டு வருடம் அணியின் பஸ்ஸை ஓட்டியவன் நான். ஆகவே நான் சொல்வதில் பாதியாவது உண்மை. மீதிப் பாதி உண்மையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

அவன் ஓடி நான் பார்த்ததில்லை. நடப்பான். பந்து தானாக வந்து அவன் காலடியில் நாய்க்குட்டி போல உட்காரும். எதிரணியினர் நான்கு பேர் பாய்ந்து வருவார்கள். இவன் வானத்தில் போகும் கடற்பறவையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அடுத்த கணம் பந்து அறுபது மீட்டர் தள்ளி நம் ஆளின் நெஞ்சில் இறங்கியிருக்கும். வடக்கே ஒரு ஊரில் அவன் அடித்த பந்து மூடுபனிக்குள் போய், வெகுநேரம் திரும்பி வரவேயில்லை. ரெஃப்ரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அது எங்கேயோ போய்விட்டு வந்த மாதிரி நிதானமாக வெளிப்பட்டு, கோலுக்குள் உருண்டது.

இப்பேர்ப்பட்டவனுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அவனை யாரும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

ஜெயித்தால் பயிற்சியாளரைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது எங்கள் வழக்கம். ஆட்டத்தைவிட்டு ஓய்வு பெறுகிறவரையும் அப்படித்தான் வழியனுப்புவோம். தெட்சு இதைக் கவனித்து வைத்திருந்தான். இந்த அணியில் மேலே போய் வந்த எந்த ஆட்டக்காரனும் மறுபடி ஆடியதில்லை. ஒருவர் நூடுல்ஸ் கடை வைத்தார். ஒருவர் காப்பீடு விற்றார். இன்னொருவர் நகரசபைக்குப் போனார். "அதுதான் எல்லாத்தையும்விடக் கொடுமை" என்பான் தெட்சு.

லீக்கின் முதல் பிரிவுக்கு ஏறிய வருடம் பயிற்சியாளரைத் தூக்கி முடித்த கையோடு, எல்லோரும் தெட்சுவைத் தேடினார்கள். அன்றுதான் அவன் ஓடினான். ஓடி வந்து என் பஸ்ஸின் அடிவயிற்றில், சாமான் வைக்கும் அறைக்குள் புகுந்துகொண்டான்.

"ஓனுகி சான், கதவப் பூட்டுங்க!" என்றான். ஓனுகி நான்தான்; சான் என்பது மரியாதைக்கு.

"மூச்சு முட்டும்டா."

"முட்டட்டும். தூக்கிப் போட்டா மொத்தமா நின்னுரும்."

பூட்டினேன். பதினைந்து பேர் வந்து கேட்டார்கள். மலைப் பக்கம் போனான் என்று கை காட்டினேன். பதின்மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

இப்படியே அவனுக்கு நாற்பத்துமூன்று வயதாயிற்று. முழங்கால் பழைய மரக்கதவு போல முனகத் தொடங்கியது. நவம்பரில் ஒருநாள் கிளப்பின் நிர்வாகி ஹோரிகாவா அவனிடம், "இந்த வருஷம் நம்ம ஊர்ல கடைசி மேட்ச் முடிஞ்சதும் ஒரு டீ குடிச்சிட்டுப் பேசலாமே" என்றார். ரொம்ப மரியாதையான மனிதர். யாரையும் 'போ' என்று சொன்னதே கிடையாது. டீக்குத்தான் கூப்பிடுவார். அந்த டீயைக் குடித்த எவனும் அடுத்த வருடம் எங்கள் சட்டையைப் போட்டதில்லை.

நான் அப்போது ஓய்வு பெற்று, பகலெல்லாம் மீன் பிடிப்பதாக மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெட்சு அலைதடுப்புச் சுவருக்கே வந்துவிட்டான்.

"இன்னும் ஒரு வருஷம் வேணும், ஓனுகி சான். இப்பத்தான் ஆட்டம் புரிய ஆரம்பிச்சிருக்கு."

"நாப்பத்திமூணு வயசுலயா?"

"நான் கொஞ்சம் மெதுவான ஆளு."

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அன்றைக்கு அவன் கண்ணில் கிண்டல் இல்லை. எனக்கும் தூண்டிலில் எதுவும் மாட்டவில்லை.

ஊரில் நடந்த அந்தக் கடைசி ஆட்டம் அவனுடைய அறுநூறாவது ஆட்டம். நூறு நூறாக முடியும்போது, ஆட்டம் தொடங்கும் முன் பூங்கொத்து கொடுப்பார்கள். ஆனால் அன்று பனி கொட்டியது. பூக்கடை வண்டி சுரங்கப்பாதை வாசலில் சிக்கிக்கொண்டது. பூ வந்து சேர்ந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. சரி, இப்போது கொடுத்துவிடலாம் என்று யாரோ நினைத்தார்கள்.

வருடத்தில் சொந்த ஊரில் ஆடும் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு, மைதானத்தின் நடுவில், மனைவி கையால் பூங்கொத்து. எங்கள் நாட்டில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆட்டத்துக்கு முழுக்கு.

அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. ஒன்பதாயிரம் பேர் அழுதார்கள். எதிரணி ரசிகர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். தெட்சுவின் மனைவிகூட, 'என்னிடம் சொல்லவே இல்லையே' என்பது போல அவனைப் பார்த்தாள். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லோரும் குனிந்து வணங்குவதால் அவனும் நாலா பக்கமும் குனிந்து வணங்கினான். அதைப் பார்த்ததும் மிச்சமிருந்தவர்களும் அழுதார்கள்.

அப்போதுதான் கோல்கீப்பர் ஷிமாபுகுரோ, ஒக்கினாவாவிலிருந்து வந்த மலை போன்ற ஆள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடி வந்தான்.

"தெட்சு சான்! இத்தன வருஷம்! ரொம்ப நன்றி!"

"டேய், வேணாம். டேய் ஷிமா! இது அறுநூறுக்குடா! அறுநூறு—"

போய்விட்டான். மேலே.

முதல் முறை அரங்கத்தின் கூரை உயரம். இரண்டாவது முறை கலங்கரை விளக்கம். ஷிமாபுகுரோவின் கைகளும் பதினான்கு பேரின் துக்கமும் சேர்ந்த மூன்றாவது முறை எவ்வளவு உயரமென்று அளக்க ஆளில்லை. மைதான ஓரத்தில் நின்றிருந்த நான் ஒரு ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, எட்டுச் சுளையையும் தின்று முடித்தேன். அவன் இன்னும் இறங்கவில்லை. பனி அவனைச் சுற்றி விழாமல் நின்றது. கைகால் உதறுவதை அவன் நிறுத்திவிட்டான். மல்லாந்து படுத்தபடி மிதந்தான். பிறகு என்னிடம் சொன்னான்: கீழே மைதானம் பனி பூசிய ஒரு பச்சை அஞ்சல்தலை போலத் தெரிந்ததாம். கணவாய் மீன் படகுகள், அதற்கப்பால் கடல், கடலுக்கு அந்தக் கரையில் யாரோ ஒரு ரஷ்யப் பெண்மணி துணி காயப்போடுவது வரை தெரிந்ததாம். அத்தனை உயரத்திலிருந்து பார்த்தபோது, மைதானத்தின் இடது பக்கம் ஓர் இடைவெளி இருந்தது; இருபத்தைந்து வருடமாக அங்கே அவன் ஒரு பந்துகூட அனுப்பியதில்லை.

"பயமா இல்லையாடா?" என்று கேட்டேன்.

"அந்த எடத்தப் பாத்ததும் மறந்துபோச்சு."

இறங்கினான். கையில் மைக்கைக் கொடுத்தார்கள், விடைபெறும் உரைக்காக. ஒன்பதாயிரம் பேரும் மூக்கைச் சிந்துவதை நிறுத்தினார்கள். தெட்சு ஹோரிகாவாவைத் தேடிக் கண்டுபிடித்து, பணிவாகக் குனிந்தான்.

"நாளைக்குப் பயிற்சி எத்தன மணிக்குங்க?"

பனி விழும் சத்தம் கேட்டது. கருணையால் மட்டுமே மனிதர்களை வெளியேற்றி வந்த ஹோரிகாவா, அழுது வீங்கிய ஒன்பதாயிரம் முகங்களையும் பார்த்தார்.

"ஒன்பதரை" என்றார்.

"அடுத்த வருஷம்?"

ஹோரிகாவா வானத்தைப் பார்த்தார். அங்கிருந்து உதவி எதுவும் வரவில்லை.

"அதுவும்... ஒன்பதரைதான்."

ஷிமாபுகுரோ விஷயம் புரிந்து, அப்படியே பனியில் நெற்றி பட விழுந்து மன்னிப்புக் கேட்டான். அவன் எழுந்த இடத்தில் ஒரு குளம் உண்டானது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. தெட்சு அவன் முதுகைத் தட்டினான்.

"சும்மா அழாதடா. நாளைக்கு இடது பக்கம் போய் நில்லு. ஒரு பந்து அனுப்பிப் பாக்கணும்."

"நான் கோல்கீப்பர், தெட்சு சான்."

"பரவாயில்ல. அங்க யாருமே இல்ல, நான் பாத்துட்டுத்தான் வர்றேன்."